தரம் 1, 2 பிள்ளைகளின் தேடிக் கற்றல்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போதுகூட யாராவது ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "மிஸ், அந்தக் காகம் எண்ணுகிற வேலை எதற்கு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் கொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்பொன்றில் பன்னிரண்டு வருடமாகத் தரம் 1, 2 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். பாடசாலை வாசலிலும் பெற்றோர் கூட்டத்திலும் வாட்ஸ்அப்பிலும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதிலும் வைத்திருக்கிறேன். காகத்துக்கான பதில் கடைசியில் வரும்.

தேடிக் கற்றல் என்கிறீர்களே, வழக்கமாகப் படிப்பிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சிலர் இதை விசாரணைமுறைக் கற்றல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பொலிஸ் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. வழக்கமாக நாங்கள் விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது மனதில் நின்றதா என்று பார்க்கக் கேள்வி கேட்போம். இதில் கேள்விதான் முதலில். பிள்ளை ஒன்றை ஊகிக்கும். பிறகு போய்ப் பார்க்கும், அல்லது தெரிந்த ஆளிடம் கேட்கும். கண்டதைக் கீறி, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லும். ஊகித்ததும் கண்டதும் பொருந்தாவிட்டால் மறுபடி போய்ப் பார்க்கும்.

பயறு முளைக்கவைக்கும் வேலையை நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் செய்திருப்போம். ஈரப் பஞ்சில் வைத்தால் முளைக்கும் என்று முதலே சொல்லிவிட்டு, முளைத்ததைக் காட்டினால் அதில் தேட ஒன்றும் இல்லை. அதே பயறைக் கையில் கொடுத்து, "இருட்டு அலுமாரிக்குள் வைத்தால் முளைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் முளைக்காது என்றார்கள். முளைத்தது. அதுவும் வெளிச்சத்தில் இருந்ததைவிட நீளமாக, வெளிறிப்போய். அன்றைக்கு எழுந்த கேள்விகளுக்கு இரண்டு கிழமை போதவில்லை.

இது பாடத்திட்டத்தில் இருக்கிறதா, இல்லை நீங்கள் உங்கள் பாட்டுக்குச் செய்கிறீர்களா?

இருக்கிறது. தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் உண்டு. பெயரிலேயே செயற்பாடு இருக்கிறது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுவதும் கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு விளையாட்டை முன்னுக்கும் எழுத்து வேலையைப் பின்னுக்கும் வைத்தது. தரம் 5க்குப் போகப்போகத்தான் எழுத்து கூடும்.

தாளில் இருப்பது அது. நடைமுறையில் அந்தப் பாடவேளை படத்துக்கு நிறம் தீட்டுவதிலும் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலும் போய்விடுவதுண்டு. நானும் முதல் மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

இது வெளிநாட்டு முறை, சர்வதேசப் பாடசாலைகளுக்குத்தான் சரிவரும் என்கிறார்களே?

அமெரிக்கக் கல்வியாளர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தொடங்கிய பாடசாலையைச் சொல்லி அப்படிக் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் வகுப்பு வைத்தவர் தாகூர். அவரே 1934இல் இங்கே வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலி என்ற கல்வி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம். செலவைப் பற்றியென்றால், எங்கள் வகுப்பின் மொத்தச் சாமான் ஒரு தடி, ஒரு நூல்பந்து, ஆளுக்கொரு கோடில்லாத கொப்பி.

மகள் "வானம் ஏன் நீலம்?" என்று கேட்கிறாள். எனக்கே தெரியாது. என்ன சொல்ல?

தெரியாது என்று சொல்லுங்கள். அப்புறம், "எப்போதும் நீலமாகவா இருக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். காலை ஆறரைக்கு என்ன நிறம், மழை வருமுன் என்ன நிறம், கடலுக்கு மேலேயும் தலைக்கு மேலேயும் ஒரே நீலமா என்று யன்னலால் பார்த்து ஒரு கிழமை நிறம் தீட்டட்டும். சூரிய வெளிச்சத்தில் உள்ள நீலம் காற்றில் பட்டு மற்ற நிறங்களைவிடக் கூடுதலாகச் சிதறுகிறது என்பதுதான் விடை. ஆனால் ஆறு வயதில் அதைச் சொன்னால் இன்னொரு மனனப் பாடமாகத்தான் போகும்.

என்னிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. கண்ணால் பார்த்தோ, கையால் அளந்தோ, ஓர் ஆளைக் கேட்டோ, சில நாட்களுக்குள் பிள்ளை தானாக விடை காணக்கூடிய கேள்வியா? "ஏன்" என்று தொடங்குபவை பெரும்பாலும் இதில் தேறாது. எப்போது, எங்கே, எத்தனை, எது முதலில், அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மாற்றினால் தேறும். கீழே பல இடங்களில் இந்த அளவுகோலுக்குத் திரும்பி வருவேன்.

நாங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிறோம். இயற்கைக்கு எங்கே போவது?

இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறேன். பல்கனியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையோ தேசிக்காய்க் கன்றையோ பூச்சாடியில் வையுங்கள். கொழும்பில் அதைத் தேடி ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி வரும், பின் சிறகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். இலையில் மணிபோல முட்டை இடும். வரும் புழு முதலில் குருவி எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல ஒன்றை நீட்டி மணக்கவைக்கும். ஒரு மாதம் பார்க்கக்கூடிய விஷயம் இது. செலவு நாலு கொத்துக் கறிவேப்பிலை. (ஓர் அம்மா கறிக்கு இலை இல்லாமல் போய்விட்டது என்று என்னோடு கோபித்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.)

அடுத்தது நிழல். மொட்டைமாடியில் ஒரு தடியை நட்டு, நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று மாதம் ஒரு தடவை கோடு போடுங்கள். திசையைச் சொல்ல வடக்கு, தெற்கு தேவையில்லை, வடக்கே இருக்கிற கொழும்புக் கோட்டைப் பக்கம், தெற்கே இருக்கிற தெஹிவளைப் பக்கம் என்றால் போதும். டிசம்பரில் நிழல் கோட்டைப் பக்கம் சாயும், ஜூனில் தெஹிவளைப் பக்கம். ஏப்ரல் முதல் வாரத்தில் "சூரியன் உச்சம் கொடுக்கிறது" என்று பத்திரிகையில் போடுவார்களே, அந்த நாட்களில் 12 மணி கடந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தடிக்கு நிழலே இருக்காது. கடற்கரைக்குப் போனால், சூரியன் கடலில் இறங்கும் இடம் டிசம்பரில் இடப்பக்கமும் ஜூனில் வலப்பக்கமும் நகர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஜூனில் முகில் விட்டால்தான்.

வெளியே போக முடிந்தால் பேரை வாவியில் கூழைக்கடா இருக்கிறது. 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்களுக்கு ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம். ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை போகும் பூங்காவைவிடத் தினமும் பார்க்கும் பூச்சாடி மேல் என்பது என் எண்ணம். மாற்றத்தைக் காண ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

இயற்கை ஒரு பாடம், பண்பாடு இன்னொரு பாடம். இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறீர்கள்?

வீட்டில் அவை பிரிந்தா இருக்கின்றன? விரத நாளில் காகத்துக்குச் சோறு வைக்கிறோம், வாசலில் மாவிலை கட்டுகிறோம், நவராத்திரிக்கு நவதானியம் முளைக்கவைக்கிறோம். பிள்ளைக்கு அது எல்லாம் ஒன்றுதான்.

குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டு வருவதைக் குயில் கூவிச் சொல்கிறது என்பது இந்த நாட்டில் தமிழர், சிங்களவர் இரு பக்கமும் வழங்கும் பேச்சு. ஒரு வருடம் என் வகுப்பு அதைச் சோதித்தது. ஜனவரியிலிருந்து, குயில் கேட்ட நாளுக்கு நாட்காட்டியில் ஒரு கோடு. பெப்ரவரியிலேயே கோடு விழத் தொடங்கிவிட்டது. ஏப்ரலில் கோடுகள் நெருங்கின. விடுமுறை முடிந்து வந்த பிறகும் நிற்கவில்லை. "அப்படியென்றால் புத்தாண்டுக்கு மட்டும் இல்லை, ஆனால் புத்தாண்டுக்குக் கூட" என்று ஒருவன் சொன்னான். இதைவிடத் திருத்தமாக நானும் சொல்லியிருக்க மாட்டேன். குயில் காகக் கூட்டில் முட்டை இடும் என்று பிறகு தெரிந்ததும் பேச்சு காகத்தின் பக்கம் திரும்பிவிட்டது. கறுப்பாக இருப்பது ஆண், பழுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருப்பது பெண் என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ளவே நாலு நாள் எடுத்தது.

சடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற அறிவியல் காரணத்தைச் சொல்லிக்கொடுத்தால் நல்லதுதானே?

நல்லதில்லை. இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதம்.

"மஞ்சள் கிருமிநாசினி, அதனால்தான் முன்னோர்கள் வாசலில் தெளித்தார்கள்" என்பது மாதிரி வரும் செய்திகளை யார் சோதித்தார்? ஒருவர் அனுப்புகிறார், நாங்கள் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். முன்னோர் என்ன நினைத்துச் செய்தார்கள் என்பதைப் பிள்ளை பார்க்கவும் முடியாது, அளக்கவும் முடியாது. நாலாவது கேள்வியில் சொன்ன அளவுகோலில் இது முதல் நாளே விழுந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. அறிவியல் காரணம் இருப்பதால்தான் இந்த வழக்கத்துக்கு மதிப்பு என்று சொல்லிவைத்தால், நாளைக்கு அந்தக் காரணம் பிழை என்று தெரியும்போது வழக்கமும் சேர்ந்து போய்விடும். புத்தாண்டு நாளில் அம்மம்மாவின் கையால் தலையில் மருத்துநீர் (மூலிகை போட்டுக் காய்ச்சிய நீர்) வைத்ததற்கு ஓர் ஆய்வுகூடம் கையெழுத்துப் போட வேண்டுமா?

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம். மருத்துநீரில் என்னென்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யார் வைத்துவிட்டார்கள்? தலைக்கு ஓர் இலை, காலுக்கு ஓர் இலை என்று பஞ்சாங்கம் சொல்கிறதே, போன வருடம் என்ன இலை? அம்மா சின்னவராக இருந்தபோது யார் காய்ச்சினார்கள், இப்போது ஏன் கோயிலில் வாங்குகிறோம்? ஒரு முறை பிள்ளைகள் வீட்டுப் பஞ்சாங்கங்களைப் பார்த்துப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை எழுதிக்கொண்டு வந்தபோது இரண்டு நேரங்கள் வந்தன. யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்று சண்டை. வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் இருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அந்தச் சண்டையை எந்தப் பாடப் புத்தகத்தாலும் மூட்டியிருக்க முடியாது.

வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோரையும் கோலம் போடச் சொல்வது சரியா?

எல்லோரையும் போடச் சொன்னால் சரியில்லை. எங்கள் தேடல் யார் எதை நம்ப வேண்டும் என்பதைப் பற்றியது அல்ல. வகுப்பில் ஒரே ஒரு விதி: "எங்கள் வீட்டில்" என்று தொடங்கித்தான் பேச வேண்டும். "எல்லோரும் இப்படித்தான்" என்று யாரும் சொல்லக் கூடாது, நான் உட்பட.

"விசேஷ நாளில் உங்கள் வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது என்ன?" என்று ஒரு முறை கேட்டேன். பொங்கல் வந்தது, நோன்புக் கஞ்சி வந்தது, கேக் வந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி தந்த கிரிபத்தை (பாற்சோற்றை) ஒரு பிள்ளை தன் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டது. இதில் எத்தனை அரிசி, எத்தனையில் பால் என்று எண்ணிப் பார்த்தார்கள். எறும்பு வருகிறதா என்று பார்க்க அரிசிமாவில் கோலம் போட்ட வேலையில், கோலம் வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னபோது அந்தப் பிள்ளை மாவால் நேர்கோடு போட்டு எறும்பைப் பார்த்தது. எறும்புக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அம்மம்மா யாழ்ப்பாணத்தில், அப்பப்பா கனடாவில். யாரைக் கேட்பது?

வீடியோ அழைப்பு இருக்கிறதே. மூன்று கேள்வி போதும், பிள்ளையே கேட்க வேண்டும், நீங்கள் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கக் கூடாது. பொருளைக் காட்டிக் கேட்டால் பேச்சு நன்றாக வரும்: துருவலை, அம்மி, பழைய பெட்டகம். உறவினர்தான் வேண்டும் என்றும் இல்லை. ஹட்டனிலிருந்து வந்து கடை வைத்திருக்கும் ஐயாவும், மாடிக்குக் கீழே இருக்கும் காவலாளி மாமாவும் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறார்கள்.

கொப்பியில் ஒன்றுமே எழுதவில்லையே, இன்றைக்கு என்ன படித்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திகதியும் ஒரு படமும் இருக்கும். "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். கதைக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டான்.

தேடிப் பார்த்துப் பிழையான முடிவுக்கு வந்தால்? திருத்த மாட்டீர்களா?

உடம்புக்கு ஆபத்தான பிழை என்றால் அந்த இடத்திலேயே திருத்துவேன். மற்றதில் பொறுத்திருக்கப் பார்க்கிறேன். எல்லா நேரமும் முடிவதில்லை.

அரிசிமாவில் ஒரு கோலம், வெண்கட்டித் தூளில் ஒரு கோலம் போட்டு, எதற்கு எறும்பு வருகிறது என்று பார்த்தோம். ஒரு குழு சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் போட்டது. அங்கே யாரோ சீனித் தண்ணீர் சிந்தியிருந்தார்கள். எறும்பெல்லாம் அந்தப் பக்கம் போய்விட, "எறும்புக்குக் கோலம் பிடிக்காது" என்று எழுதிவிட்டார்கள். வேறு இடத்தில் போட்டுப் பாருங்கள் என்றேன், போட்டார்கள், பத்து நிமிடத்தில் மழை. அடுத்த நாளும் மழை. எனக்குப் பொறுமை போய், "எறும்பு அரிசிமாவைத்தான் தின்னும், வெண்கட்டி சாப்பாடு இல்லை" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் வெயில் வந்தது. கோலமும் போட்டோம். ஆனால் ஒருவரும் எறும்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். பிழையான முடிவோடு ஒரு கிழமை இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.

டெங்கு இருக்கிறது, நாய் இருக்கிறது. மண்ணில் விடப் பயமாக இருக்கிறதே?

பயம் சரிதான். கால் மூடிய சப்பாத்து, நுளம்புத் தைலம், திரும்பி வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவல். கல்லைக் கையால் புரட்டக் கூடாது, கூட்டையும் முட்டையையும் தொடக் கூடாது. இதெல்லாம் வகுப்பு விதி.

நுளம்புக் குடம்பியைப் போத்தலில் வளர்த்துப் பார்க்கலாமா என்று ஓர் அப்பா கேட்டார். வேண்டவே வேண்டாம். முட்டை ஏழு முதல் பத்து நாளில் பறக்கும் நுளம்பாகிவிடும். 2007இல் வந்த சட்டப்படி நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பதே குற்றம். அதற்குப் பதிலாக, மழை விட்ட அடுத்த நாள் வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய இடங்களை எண்ணிக் கீறி, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து கவிழ்த்துவிடட்டும். மிக நல்ல வரைபடங்கள் எனக்கு அதில்தான் கிடைத்தன.

எல்லாம் சரி மிஸ், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா?

புள்ளி கூடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கவனித்துப் பார்க்கவும் கேள்வியைச் சரியாக வாசிக்கவும் பழகும் பிள்ளைக்கு எந்த வினாத்தாளும் கொஞ்சம் இலகு, அவ்வளவுதான். தரம் 2 பிள்ளைக்குப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ரியூஷனுக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

போனில் கேட்டால் ஒரு நொடியில் விடை வருகிறதே, ஏன் இவ்வளவு பாடு?

போனை ஒதுக்கவில்லை, வரிசையில் பின்னுக்கு விடுகிறேன். முதலில் ஊகம், பிறகு பார்வை, பிறகு ஆள், கடைசியில் போன். இருட்டில் முளைத்த பயறு ஏன் வெளிறியது என்று, அதைக் கண்ட பிறகு போனில் தேடும் பிள்ளை வேறு மாதிரி வாசிக்கிறது. புழுவைப் பெரிதாக்கிப் படம் எடுக்கவும் அம்மம்மாவின் குரலைப் பதியவும் போனைப் போல ஒன்று இல்லை.

பெரியவர்கள் சொன்னது பிழை என்று பிள்ளை கண்டுபிடித்துவிட்டால்? மரியாதை கெட்டுவிடாதா?

இதுதான் காகம் எண்ணிய கதை. "காகம் கரைந்தால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள்" என்று தன் அம்மம்மா சொன்னதை ஒரு பிள்ளை வகுப்பில் சொன்னாள். பொய் என்றான் ஒருவன். உண்மை என்றாள் இவள். அளவுகோலில் வைத்துப் பார்த்தேன், தேறியது: பார்க்கலாம், எண்ணலாம், ஒரு கிழமை போதும். காகம் கரைந்த நாளுக்கு ஒரு வட்டம், ஆள் வந்த நாளுக்கு ஒரு சதுரம். "எங்கள் வீட்டில்" விதி இங்கேயும் உண்டு. அம்மம்மா சொன்னது சரியா, பிழையா என்று யாரும் கேட்கக் கூடாது, என்ன கண்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொழும்பில் காகத்துக்கா பஞ்சம்? ஏழு வட்டமும் விழுந்தன. சதுரம் இரண்டுதான், அதில் ஒன்று காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். அவரைச் சேர்ப்பதா என்று வகுப்பில் நீண்ட வாதம் நடந்தது. பிறகு அவள் கொப்பியைக் கொண்டுபோய் அம்மம்மாவிடம் காட்டினாள். அம்மம்மாவுக்குக் கோபம் வரவில்லை. போன் இல்லாத காலத்தில் தன் ஊர் வீட்டுக்கு யார் யார் சொல்லாமல் வந்து நின்றார்கள் என்று ஒரு மணித்தியாலம் கதை சொன்னாராம். கடைசியில் கொப்பியை மறுபடி வாங்கிப் பார்த்துவிட்டு, "காகம் ஏழு நாளும் ஒழுங்காகத்தானே கூப்பிட்டிருக்கு. வராதது ஆட்கள்" என்றாராம்.